வலை அலமாரியில் இரண்டு உடும்புகள்

திருநெல்வேலி டவுன்
22.7.1996

சித்ரலேகாவுக்கு,

உனக்குக் கடிதம் எழுதுவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். அந்த முடிவில் இப்போதும் மாற்றம் இல்லை. இது நீ பதிவு அலுவலகத்தில் செய்துகொண்ட கல்யாணத்தைப் பற்றிய கடிதம் அல்ல. மேலப்பாளையத்தில் நீ போய் இருக்கிற வீட்டைப் பற்றியதும் அல்ல. நீ இங்கே விட்டுவிட்டுப் போன இரண்டு பிராணிகளைப் பற்றியது.

போகிறவள் புடவைகளை எடுத்துக்கொண்டாய், சான்றிதழ்களை எடுத்துக்கொண்டாய், உன் அம்மா படத்தைக்கூட ஆணியிலிருந்து கழற்றிக்கொண்டாய். ஊறுகாய் ஜாடியில் மணல் போட்டுப் பொரிக்க வைத்த இந்த இரண்டையும் மட்டும் என் தலையில் கட்டிவிட்டாய். ஓணான் குஞ்சு என்று சொன்னாய், நம்பினேன். நீ சொன்ன எத்தனையோ விஷயங்களை நம்பியது போலத்தான். இப்போது நாக்கை வெளியே நீட்டும்போது அது பாம்பு நாக்கு மாதிரி இரண்டாகப் பிளந்திருக்கிறது. உடும்பு என்று பால்காரன் சொல்லித்தான் தெரிந்தது.

அட்டைப் பெட்டியைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்ததால், பால் தயிர் வைக்கிற வலை அலமாரியைக் காலி செய்து அதில் விட்டிருக்கிறேன். உன் அம்மா சீராகக் கொண்டுவந்த அலமாரி. பெரியப்பா கண்ணில் படக் கூடாது என்று உள் அறையில் வைத்திருக்கிறேன். தயிர் சாதம் வைத்தேன். வாழைப்பழம் வைத்தேன். பாசிப்பருப்பை வேகவைத்து மசித்தும் வைத்தேன். இரண்டும் அதன்மேல் ஏறி நடக்கின்றனவே தவிர வாய் வைக்கவில்லை.

என்ன கொடுக்க வேண்டும் என்று எழுது. வேறு எதையும் எழுத வேண்டாம்.

க. சங்கரசுப்பிரமணியன்


மேலப்பாளையம்
25.7.1996

அன்புள்ள அப்பாவுக்கு,

உறையில் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் பிரிக்காமல் வெகுநேரம் மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். பிரித்தால் என்ன இருக்குமோ என்று பயம். கடைசியில் பார்த்தால் தயிர் சாதம்.

அப்பா, அவை உடும்புகள். பிரதோஷ விரதம் இருக்கிறவை இல்லை.

வேண்டுமென்று உங்கள் தலையில் கட்டவில்லை. மறுநாளே அவற்றை எடுத்துப்போக வந்தேன். பெரியப்பா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். "இங்கன ஒனக்கு ஒண்ணும் கெடையாது, வந்த வழியப் பாத்துப் போ" என்றார். உள்ளே நீங்கள் இருமியது எனக்குக் கேட்டது. அதற்கு மேல் நிற்க முடியவில்லை.

ஓணான் என்று சொன்னது பொய்தான். உடும்பு என்றால் விடமாட்டீர்கள். கல்லூரி மைதானத்தைச் சமப்படுத்தும்போது கரையான் புற்றோடு சேர்த்து முட்டைகளையும் வெட்டிவிட்டார்கள். மண்வெட்டிக்குத் தப்பியது இந்த இரண்டும்தான். வீட்டில் வளர்ப்பது சட்டப்படி குற்றம் என்பது எனக்கும் அசனுக்கும் தெரியும். தானாக இரை பிடிக்கிற அளவுக்கு வளர்ந்ததும் காட்டில் விட்டுவிடலாம் என்று இருந்தோம்.

முதலில் அலமாரியை உள் அறையிலிருந்து வெளியே எடுங்கள். வெயில் படாவிட்டால் எலும்பு உறுதிப்படாது. பின்புறம் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், பாதி வெயிலும் பாதி நிழலுமாக இருக்கிற இடத்தில் வையுங்கள். அடித்தட்டில் ஒரு சாண் உயரத்துக்கு மண் போடுங்கள், தோண்டிக்கொண்டு படுக்கும். உடைந்த பானை ஒன்றைக் கவிழ்த்து வைத்தால் ஒளிந்துகொள்ளும். உடல் முழுவதும் நனைகிற மாதிரி அகலமான தட்டில் தண்ணீர். வலையில் ஓட்டை இருந்தால் அடைத்துவிடுங்கள், விரல் நுழைகிற இடத்தில் அதுவும் நுழையும்.

சாப்பாடு: வெட்டுக்கிளி, கரப்பான், மண்புழு. எல்லாவற்றையும்விட முட்டை. இந்தச் சொல்லை நம் வீட்டுக்குள் அனுப்புவதற்கு மன்னியுங்கள். உங்களிடம் என்ன கேட்கிறேன் என்று தெரிந்துதான் கேட்கிறேன்.

வேறு எதுவும் எழுத வேண்டாம் என்றீர்கள். எழுதவில்லை.

உங்கள் மகள்
சித்ரா


திருநெல்வேலி டவுன்
19.8.1996

சித்ரலேகாவுக்கு,

வெட்டுக்கிளி பிடிக்கிறேன். குடையை விரித்துத் தலைகீழாக வைத்து, வரப்புப் புல்லைக் கையால் அடித்தால் சில விழுகின்றன. நேற்று என்னிடம் படித்த ஒருவன் சைக்கிளை நிறுத்தி, "ஸார், என்ன தேடுதிய?" என்றான். மூக்குக் கண்ணாடி என்றேன். அது மூக்கின்மேல்தான் இருந்தது. சைக்கிளை மிதித்துக்கொண்டு போனான். தலைமையாசிரியராக இருந்தவனுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று இதற்குள் ஊர் பேசியிருக்கும்.

பெரியது சாப்பிடுகிறது. சிறியது இரண்டு தடவை கவ்விப் பார்த்துவிட்டு விட்டுவிட்டது. அதன் பின்னங்கால் நடுங்குகிறது. அலமாரியை வெளியே வைக்கச் சொல்கிறாய். பின்புறத்தில் வைத்தால் மாடியிலிருந்து அண்ணன் பார்த்துவிடுவார். ஆகவே உள் அறையிலேயே ஜன்னலோரமாக நகர்த்தியிருக்கிறேன்.

முட்டை இந்த வீட்டு வாசற்படியைத் தாண்டியதில்லை. என் காலத்தில் தாண்டாது. அதற்குப் பதிலாகப் பருப்புத் தண்ணீரும் பாலும் கலந்து, உனக்குப் பால் புகட்டிய சங்கால் அதன் வாயில் விடுகிறேன். பாதி உள்ளே போகிறது. இந்த வயதில் எனக்கு இது தேவையா என்று நீ கேட்கலாம். கேட்காதே.

க. சங்கரசுப்பிரமணியன்


மேலப்பாளையம்
22.8.1996

அப்பா,

அவசரமாக எழுதுகிறேன். பாலை நிறுத்திவிடுங்கள். அது பால் குடிக்கிற ஜாதி இல்லை, மூச்சுக்குழாயில் போய்விடும். கால் நடுங்குவது எலும்பு இளகுவதன் அடையாளம். வெயில் வேண்டும். முட்டை வேண்டும், ஓட்டை நொறுக்கி அதோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும். ஜன்னல் வெயில் போதாது.

உங்களால் முடியாது என்றால் ஒரு வரி போடுங்கள். தெருமுனையில் வந்து நிற்கிறேன். உள்ளே வரமாட்டேன். யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள். கால் நடுங்குகிற ஒன்றைச் சங்கோடு வைத்துக்கொண்டு நீங்கள் தனியாக உட்கார்ந்திருப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

சித்ரா


திருநெல்வேலி டவுன்
6.9.1996

சித்ரலேகாவுக்கு,

சிறியது இறந்துவிட்டது.

உன் கடிதம் சரியான நேரத்தில்தான் வந்தது. படித்தேன். நாளைக்கு வெளியே வைக்கலாம், நாளைக்கு வெளியே வைக்கலாம் என்று இருந்தேன். காலையில் பானைக்கு அடியில் கையை விட்டால் குளிர்ந்து கிடந்தது. முருங்கை மரத்தடியில் குழி தோண்டிப் புதைத்தேன். குளித்தேன். மதியம் சாப்பிடவில்லை.

க. ச.


மேலப்பாளையம்
10.9.1996

அப்பாவுக்கு,

அழுது முடித்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். அழுது முடியவில்லை என்று இப்போது தெரிகிறது.

அதைப் பட்டினி போட்டது நீங்கள்தான். யாராவது உங்களிடம் இதைச் சொல்ல வேண்டும், சொல்வதற்கு வேறு ஆள் இல்லை. சோறு வைத்தீர்கள், பருப்பு வைத்தீர்கள், சங்கில் பால் புகட்டினீர்கள். உங்களுக்குப் பிடித்தது எல்லாவற்றையும் கொடுத்தீர்கள். அதற்கு என்ன வேண்டும் என்பதை மட்டும் கொடுக்கவில்லை. மாடியிலிருந்து பெரியப்பா பார்ப்பார் என்பதற்காக ஒரு உயிருக்கு வெயிலைக்கூட மறைத்துவிட்டீர்கள்.

எழுத வேண்டாம் என்று சொன்னதை இன்றைக்கு எழுதப்போகிறேன். நான் இந்த வீட்டுக்கு வந்த மறுநாள் அசனின் அம்மா பஜாருக்குப் போய்ப் புதுப் பானை ஒன்று வாங்கி வந்தார். ஆசியா உம்மாள் என்று பெயர், மாமி என்று கூப்பிடுகிறேன். நாள் முழுவதும் பீடி சுற்றுகிறவர். பானையை என் கையில் கொடுத்து, "இது ஒனக்கு மட்டுந்தான். இதுல நாங்க யாரும் கறி கிறின்னு கை வைக்க மாட்டோம். ஒன் வயிறு எதுக்குப் பழகிச்சோ அதப் பொங்கித் தின்னு. பைய எல்லாம் சரியாயிரும்" என்றார். இன்றுவரை அந்தப் பானையைத் தொடும்முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுகிறார். நான் வேண்டாம் என்றாலும் கேட்பதில்லை.

மற்றதையாவது காப்பாற்றுங்கள். இல்லையென்றால் என்னிடம் கொடுத்துவிடுங்கள்.

சித்ரா


திருநெல்வேலி டவுன்
3.10.1996

சித்ரலேகாவுக்கு,

உன் கடிதத்துக்குப் பதில் எழுத எனக்கு முகம் இல்லாமல் இருந்தது. இப்போதும் பதில் எழுதவில்லை. நடந்ததை எழுதுகிறேன்.

அலமாரியைத் துவைக்கிற கல் பக்கம் வைத்துவிட்டேன். தனியாகத் தூக்கியதில் இடுப்பு பிடித்துக்கொண்டது. அன்று சாயங்காலமே அண்ணன் மாடியிலிருந்து இறங்கி வந்தார். "ஏலே சங்கரா, பொண்ணு போன வருத்தத்துல ஒனக்கு மூளை கலங்கிட்டால? தூக்கி எறி அத. உடும்புக்கறிக்கு ஆள் அலையுதான், கேட்டா வந்து எடுத்துக்கிடுவான்" என்றார். அவர் பேச்சுக்கு நான் எதிர்ப்பேச்சுப் பேசியதில்லை. அன்றும் பேசவில்லை. ஆனால் அலமாரிக்குப் பூட்டுப் போட்டுச் சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டி இடுப்பிலேயே வைத்திருக்கிறேன்.

முட்டை வாங்கினேன். டவுனில் எனக்குத் தெரியாத கடை இல்லை, என்னைத் தெரியாத கடைக்காரனும் இல்லை. அதனால் பஸ் ஏறி மேலப்பாளையம் பஜாருக்கு வந்தேன். கடைக்காரர், "நாட்டு முட்டையா, வெள்ளையா அண்ணாச்சி?" என்றார். முட்டையில் அப்படி ஒரு வித்தியாசம் உண்டு என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். நல்லது எதுவோ அதைக் கொடுங்கள் என்றேன். பஸ்ஸில் யாரோ இடித்துவிடுவார்களோ என்று பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வந்தேன்.

சிரட்டையில் உடைத்து ஊற்றினேன். மூக்கைத் துண்டால் மூடிக்கொண்டேன். அது வந்து, நாக்கை நீட்டிப் பார்த்து, தலையை உள்ளே விட்டு, ஓட்டுத் துண்டைக்கூட விடவில்லை. சாப்பிட்டுவிட்டு வெயிலில் கண்ணை மூடிக்கொண்டு படுத்தது. நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். உன் அம்மா போன பிறகு என் கையால் கொடுத்து ஒரு ஜீவன் வயிறு நிறைந்ததைப் பார்த்து எத்தனையோ காலம் ஆயிற்று. முட்டை உடைக்கிற அன்றெல்லாம் தலைக்குக் குளித்துவிட்டுத்தான் அடுக்களைக்குள் போகிறேன். சளி பிடித்திருக்கிறது.

சங்கரசுப்பிரமணியன்


மேலப்பாளையம்
24.10.1996

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்கள் எழுதுவதற்கு முன்பே மாமி சொல்லிவிட்டார். "யம்மா, ஒங்க அப்பா மாதிரி ஒருத்தவிய முட்டைக் கடையில நிக்காவ. நெத்தி நெறய திருநீறு. கையில முட்டைய வச்சிக்கிட்டு, பச்சப் புள்ளயத் தூக்கத் தெரியாத ஆம்பள மாதிரி நிக்காவ" என்று. வேறு யாராக இருக்க முடியும்?

அடுத்த வாரமும் வந்தீர்கள். மச்சு ஜன்னலிலிருந்து பார்த்தேன். அதற்கடுத்த வாரமும் பார்த்தேன். சட்டைக் காலர் நைந்துபோயிருக்கிறது. இளைத்துப்போயிருக்கிறீர்கள். முட்டைக் கடைக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு தையல் கடையும் ஒரு அரவை மில்லும்தான் இருக்கின்றன. ஓடி வந்து கையைப் பிடித்திருக்கலாம். ஆனால் நீங்கள் முட்டை வாங்க வந்தீர்கள், என்னைப் பார்க்க வரவில்லை. பையை அணைத்துக்கொண்டு நீங்கள் பஸ் ஏறும்போது, அந்தப் பைக்குள் இருப்பதன்மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது. சிரிக்காதீர்கள்.

உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். எனக்கு இது நாலாவது மாதம். பங்குனிக் கடைசியில் இருக்கும் என்கிறார் டாக்டர்.

அம்மா இருந்திருந்தால் தலைப்பிரசவத்துக்கு எங்கே போவது என்று ஒரு பேச்சே வந்திருக்காது. மாமி கேட்டார், "ஒங்க வீட்டுல இருந்து வந்து கூட்டிட்டுப் போவாவளா, இல்ல நாமளே பாத்துக்கிடட்டுமா? ரெண்டுல எதுன்னாலும் எனக்குச் சம்மதந்தான், சொல்லிரு." அப்பா வருவார் என்று சொல்லிவிட்டேன். எதை நம்பிச் சொன்னேன் என்று தெரியவில்லை. முட்டையை நம்பித்தான் என்று நினைக்கிறேன்.

ஒரே ஒரு தடவைதான் கேட்பேன். என்னைக் கூட்டிப்போக வருவீர்களா?

உங்கள் மகள்
சித்ரா


திருநெல்வேலி டவுன்
18.11.1996

சித்ராவுக்கு,

ஐப்பசி பிறந்ததிலிருந்து விடாத மழை. ஆற்றில் செந்தண்ணீர் போகிறது. வெயிலே இல்லை. உடும்பு மண்ணுக்குள் புகுந்துகொண்டு குச்சி மாதிரி கிடக்கிறது, முட்டையைக்கூட எட்டிப் பார்க்கவில்லை. மறுபடியும் அதே மாதிரி ஆகிவிடுமோ என்று எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்கிறது. அலமாரிக்குள் குண்டு பல்பு ஒன்றைத் தொங்கவிட்டு, அதைத் தொட்டுச் சுட்டுக்கொள்ளாமல் இருக்க வலை சுற்றியிருக்கிறேன். கரண்டு போனால் பாட்டிலில் வெந்நீர் ஊற்றித் துணி சுற்றி வைக்கிறேன். வேறு என்ன செய்யலாம் என்று எழுது.

நீ கேட்டதற்கு வருகிறேன். படித்த அன்று மழையில் கோயிலுக்குப் போய் வந்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

அண்ணன் மகள் விஜயஸ்ரீக்கு மாப்பிள்ளை அமைந்திருக்கிறது. அம்பாசமுத்திரத்துக்காரர்கள், நல்ல இடம். கல்யாணம் தைக் கடைசியில். மாப்பிள்ளை வீட்டார் வந்து போகிற நேரத்தில் நீ வயிற்றோடு நம் பின்கட்டில் இருந்தால் கல்யாணம் நின்றுவிடும் என்று அண்ணன் சொல்கிறார். அதிகாரமாகச் சொல்லியிருந்தால்கூட நான் ஏதாவது சொல்லியிருப்பேன். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதார். விஜி நான் தூக்கி வளர்த்த பெண். அவளுக்குக் கெடுதல் வர நான் காரணமாகக் கூடாது.

உனக்குப் பங்குனிதானே. தை முடியட்டும். மாசி பிறந்ததும் நானே வந்து உன்னைக் கூட்டிவருகிறேன். அதுவரை பொறுத்துக்கொள் அம்மா.

அப்பா


மேலப்பாளையம்
9.12.1996

அன்புள்ள அப்பாவுக்கு,

கடைசியில் "அப்பா" என்று எழுதியிருந்தீர்கள். அதற்காக மற்றதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன்.

சரி. மாசி.

குளிரில் உடும்பு சாப்பிடாமல் கிடப்பது நோய் இல்லை. சூடு வருவதற்காகக் காத்துக்கொண்டிருக்கும். தட்டி எழுப்பாதீர்கள், வாயைத் திறந்து எதையும் திணிக்காதீர்கள். தண்ணீர் மட்டும் இருக்கட்டும். பல்பு போட்டது நல்லது, அசன்கூடப் பாராட்டினார்.

எனக்குக் கால் வீங்குகிறது. ரத்த அழுத்தம் இருக்கிறது, படுத்தே இருக்க வேண்டும் என்கிறார் டாக்டர். இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. மாமி மச்சுப்படி ஏறி ஏறிச் சாப்பாடு கொண்டுவருகிறார். ஆனாலும் கண்ணை மூடினால் நம் பின்கட்டு ஜன்னல்தான் தெரிகிறது. அங்கே படுத்திருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு எண்ணம். கர்ப்பிணிகளுக்கு மாங்காய் மேல் ஆசை வரும் என்பார்கள். எனக்கு ஒரு ஜன்னல் மேல் வந்திருக்கிறது.

விஜியிடம் நான் வாழ்த்துச் சொன்னேன் என்று சொல்லிவிடாதீர்கள், அதற்கும் ஏதாவது வந்து சேரும். அவள் நன்றாக இருக்கட்டும்.

சித்ரா


திருநெல்வேலி டவுன்
8.2.1997

அன்பு மகள் சித்ராவுக்கு,

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. பெண்ணும் மாப்பிள்ளையும் நேற்று மறுவீட்டுக்குப் போனார்கள். பந்தல்கூட இன்னும் பிரிக்கவில்லை, அதற்குள் அண்ணனிடம் போய்ச் சொல்லிவிட்டேன். "சித்ராவக் கூட்டிட்டு வரப்போறேன்" என்றேன். "அப்படின்னா இனி ஒன் வீட்டுப் படிய மிதிக்க மாட்டேன்" என்றார். "ஒங்க இஷ்டம்ணே" என்றேன். அவரிடம் அப்படிப் பேசியது வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை. பேசிவிட்டு வந்து திண்டாடுவேன் என்று நினைத்தேன். நன்றாகப் பசித்துச் சாப்பிட்டேன்.

பின்கட்டுக்கு வெள்ளையடித்தாயிற்று. நீ சொன்ன ஜன்னல் பக்கமே கட்டில் போட்டிருக்கிறேன். பழைய கதவு கிறீச்சிடும் என்று எண்ணெய் விட்டிருக்கிறேன், குழந்தை தூக்கத்தில் விழித்துவிடக் கூடாது. அசன் மைதீன் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம் என்று சொல். அவருக்கும் சேர்த்து அரிசி போடுவதில் எனக்கு ஒன்றும் வந்துவிடாது.

உடும்பு உனக்கு அடையாளம் தெரியாது. உடம்பு முழங்கை நீளம், வால் அதற்குமேல். வெயில் வந்ததும் விட்டதையெல்லாம் சேர்த்துத் தின்கிறது. போன வாரம் வலையை நெம்பிக்கொண்டு அடுக்களைக்கே வந்துவிட்டது. பிடிக்கப் போனேன், விரலைக் கவ்விக்கொண்டது. உடும்புப் பிடி என்று பேச்சில் கேட்டிருக்கிறேன், விரலில் கேட்டது இப்போதுதான். இப்போது காலடி ஓசை கேட்டாலே வலைக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. முட்டையைக் கையில் வைத்திருந்தால் கையிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. நீ வந்து பார்த்துச் சிரிக்கப்போகிறாய்.

மாசி முதல் தேதி காலையில் வாடகைக் கார் கொண்டுவருகிறேன். பஸ் ஆட்டம் உனக்கு ஆகாது. தயாராக இரு.

அப்பா


மேலப்பாளையம்
11.2.1997

அப்பா,

கூட்டிப்போக வர வேண்டாம். பிரசவம் முடிந்துவிட்டது.

ஏழாம் மாதம். பெண் குழந்தை. பிறந்ததும் ஒரு தடவை அழுதாள், அதன் பிறகு மூச்சு விடுவதற்கே அவளுக்கு வேலை சரியாக இருந்தது. அடுத்த நாள் சாயங்காலம் போய்விட்டாள். மாமி நோன்போடு என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். நோன்பு திறக்கிற நேரத்தில் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு மறுபடியும் என் கையைப் பிடித்துக்கொண்டார். அசன் அவளைத் துணியில் சுற்றி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு கபர்ஸ்தானுக்குப் போனார். அதற்கு மறுநாள் இங்கே எல்லாருக்கும் பெருநாள். எங்கள் வீட்டில் அடுப்பு மூட்டவில்லை.

உங்கள் கடிதம் அதற்குப் பிறகுதான் வந்தது. கதவுக்கு எண்ணெய் விட்டேன் என்று எழுதியிருந்ததைப் படித்துவிட்டு மடித்து வைத்துவிட்டேன்.

தையிலேயே கூட்டிப்போயிருந்தால் பிழைத்திருப்பாளா என்று எனக்குத் தெரியாது. டாக்டருக்கும் தெரியவில்லை. நீங்கள்தான் காரணம் என்று எழுத நினைத்துப் பேனாவை எடுத்தேன். அது உண்மை இல்லை. உண்மை இல்லை என்று தெரிந்தும் கோபம் போகவில்லை.

உடும்பைக் காட்டில் விட்டுவிடுங்கள். கையிலிருந்து வாங்கித் தின்னப் பழகினால் பிறகு மனிதனைக் கண்டு ஓடாது. ஓடாத உடும்பை யாராவது அடித்துவிடுவார்கள். அதை விட்டுவிட்டால் எனக்கு எழுத உங்களுக்குக் காரணம் ஒன்றும் இருக்காது. தெரிந்துதான் சொல்கிறேன்.

சித்ரா


திருநெல்வேலி டவுன்
9.3.1997

என் கண்ணு சித்ராவுக்கு,

எழுதக் காரணம் இருக்காது என்று எழுதியிருந்தாய். காரணம் இல்லாமல் எழுதுகிறேன்.

மணிமுத்தாறு அணையைத் தாண்டி, காடு தொடங்குகிற இடம் வரை போனேன். உடும்பைக் கூடையில் வைத்து மூடிக் கட்டியிருந்தேன். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் கூடையில் என்ன என்றார். மகள் வீட்டுக்குப் பலகாரம் என்றேன்.

புற்றும் பாறையுமாக இருந்த இடத்தில் கூடையைத் திறந்தேன். வெளியே வந்தது. போகவில்லை. நாக்கை நீட்டி நாலு பக்கமும் பார்த்துவிட்டு என் காலடிக்கே திரும்பி வந்தது. கையைப் பார்த்தது. நான் விலகி நடந்தால் கூடவே வந்தது. போ என்றேன். துண்டை வீசினேன். கடைசியில் கல்லை எடுத்து எறிந்தேன். முதல் கல்லுக்கு நகரவில்லை. இரண்டாவது முதுகில் பட்டது. அதற்குப் பிறகுதான் ஓடியது. புதருக்குள் போகும்வரை எறிந்துகொண்டே இருந்தேன். துரத்துவது எனக்குப் பழகிய வேலைதான். ஆனால் இந்தத் தடவை கீழே உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

திரும்பும்போது வீட்டுக்குப் போக மனம் வரவில்லை. மேலப்பாளையத்தில் இறங்கினேன். டீக்கடையில் என்னைப் பார்த்துவிட்டு அசன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். குழந்தையை எனக்குக் காட்ட முடியுமா என்று கேட்டேன். கூட்டிப்போனார். வேப்பமரத்துப் பக்கம், சின்ன இடம். என் கை அகலம்தான் இருக்கும் போலத் தோன்றியது. அவள் படுத்திருக்க வேண்டிய இடம் என் மடி. நான் கல்யாணத்துக்கு முகூர்த்தக்கால் நட்டுக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை வீட்டாருக்கு இலை போட்டுக்கொண்டிருந்தேன்.

"வீட்டுக்கு வாங்க மாமா" என்றார் அசன். நீங்கள் முன்னால் போங்கள், நான் பின்னால் வருகிறேன் என்று ஏதோ மாற்றி மாற்றிச் சொன்னேன். அவர் வேலைக்குப் போன பிறகு உன் வீட்டு வாசல் வரை வந்தேன். கதவு சாத்தியிருந்தது. எந்த முகத்தோடு கூப்பிடுவது என்று தெரியவில்லை. நின்றுவிட்டுத் திரும்பிவிட்டேன்.

உன் அப்பா


மேலப்பாளையம்
14.3.1997

அப்பாவுக்கு,

நீங்கள் தெருவில் வரும்போதே மச்சு ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டேன். கூடை காலியாக இருந்தது. வேட்டியெல்லாம் செம்மண். எங்கள் வீட்டுக்குத்தான் வருகிறீர்கள் என்று தெரிந்ததும் படியில் இறங்கினேன். படுத்தே இருந்த கால், மெதுவாகத்தான் இறங்க முடிந்தது. இறங்கி வந்து கதவுக்கு உள்ளே நின்றேன். நீங்கள் வெளியே நின்றீர்கள். நீங்கள் மூச்சு வாங்குவது எனக்குக் கேட்டது. என் கை தாழ்ப்பாளில்தான் இருந்தது.

அப்போது அதைத் திறந்திருக்கலாம். மனம் வரவில்லை. ஒரு தடவையாவது நீங்கள் என்னைக் கேட்டு வர வேண்டும் என்று இருந்தது. பெரியப்பா கேட்டால் கொடுத்தீர்கள். விஜி கல்யாணம் கேட்டது, கொடுத்தீர்கள். நான் கேட்டதற்கு மட்டும் நாள் குறித்தீர்கள். என்னிடம் நீங்கள் எதுவுமே கேட்டதில்லை. கேட்டால்தானே கொடுப்பதா வேண்டாமா என்று எனக்கும் ஒரு யோசனை இருக்கும்.

உங்கள் செருப்புச் சத்தம் தெருமுனைக்குப் போகிறவரை நின்றேன். பிறகு மாமி வந்து என்னை உட்கார வைத்தார். "யாரு வந்தாவ?" என்றார். யாரும் இல்லை என்றேன். சொல்லிவிட்டு மாமி மடியிலேயே விழுந்து அழுதேன். இந்த ஒரு மாதத்தில் குழந்தைக்காக அழுததைவிட அன்றைக்கு அதிகம் அழுதேன்.

இனிக் கடிதம் போடாதீர்கள் அப்பா. ஒரு பஸ் தூரத்தில் இருந்துகொண்டு எத்தனை தபால்தலை ஒட்டிவிட்டோம். நேரில் வாருங்கள். வந்து கதவைத் தட்டுங்கள். நான் திறப்பேனா என்று இப்போது என்னால் சொல்ல முடியவில்லை. சில நாள் திறக்காமல் இருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். அன்றைக்கும் தட்டுங்கள்.

சித்ரா